ஆராதனைக் குழுவுக்கு ஆள் சேர்ப்பது: பினாங்கில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பட்டர்வொர்த் பக்கம் ஒரு தமிழ்ச் சபையில் ஆராதனைக் குழுவை ஒருங்கிணைக்கும் பொறுப்பு பல வருடங்களாக என் கையில் இருக்கிறது. பாடுகிறவர்கள், வாசிக்கிறவர்கள், சவுண்ட் பார்க்கிறவர்கள், ஸ்லைடு மாற்றுகிறவர்கள் என எல்லாரும் சம்பளம் வாங்காமல் வருகிறவர்கள்தான். தீவிலும் செபராங் பிறையிலும் உள்ள மற்ற சபைகளிலிருந்து அடிக்கடி போன் வரும். கேட்கிறவர் மாறுவார், கேள்வி அதேதான். அதனால் கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, கீழே எனக்குத் தெரிந்த பதிலை வைத்திருக்கிறேன்.

மூணு வாரமா சபையில அறிவிப்பு கொடுக்கிறோம். ஒருத்தர்கூட வரலையே, ஏன்?

அறிவிப்பைக் கேட்கிற ஒவ்வொருவரும் அது பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சொன்னது என்று நினைத்துக்கொள்கிறார்கள். "ஆர்வமுள்ளவர்கள் வரலாம்" என்று நாம் சொன்னால், "நன்றாகப் பாடுகிறவர்கள் வரலாம்" என்றுதான் அவர்கள் காதில் விழுகிறது. கூச்சமுள்ளவர் அசையமாட்டார். முன்வருகிற ஒன்றிரண்டு பேரும் ஏற்கனவே மூன்று பொறுப்பைச் சுமக்கிறவர்களாக இருப்பார்கள்.

ஆளைப் பார்த்து, பெயர் சொல்லிக் கேளுங்கள். ஆராதனை முடிந்து டீ குடிக்கிற நேரம் இதற்கு நல்ல நேரம். என்ன வேலை, எத்தனை ஞாயிறு, எப்போது முடியும் என்பதை அப்போதே சொல்லிவிடுங்கள். "குழுவில் சேருங்கள்" என்றால் ஆயுசுக்கும் மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுவார்கள். "அடுத்த 6 வாரத்தில் இரண்டு ஞாயிறு மட்டும் ஸ்லைடு மாற்ற வர முடியுமா?" என்றால் தலையாட்டுவது எளிது. எங்கள் குழுவில் அறிவிப்பைக் கேட்டு வந்தவர் ஒரே ஒருவர். மற்ற எல்லாரையும் யாரோ ஒருவர் போய்க் கேட்டிருக்கிறார்.

யாரைக் கேட்பது என்று தெரியவில்லையா? ஒரு ஞாயிறு மேடையை விட்டு இறங்கி, கடைசி வரிசையில் உட்காருங்கள். யார் புத்தகம் பார்க்காமல் பாடுகிறார், யார் சொல்லாமலே நாற்காலி அடுக்குகிறார் என்பதெல்லாம் அங்கிருந்துதான் தெரியும். எங்கள் டிரம்ஸ் தம்பியை அப்படித்தான் கண்டுபிடித்தேன். முன் நாற்காலியின் கம்பியில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். மேடையில் பாட்டு தன்னை அறியாமல் வேகம் பிடித்தது. அவன் விரல் மட்டும் ஆரம்பித்த வேகத்திலேயே நின்றது.

பாடத் தெரியாதவங்களுக்கு இந்தக் குழுவில என்ன வேலை இருக்கு?

பாடுவதைவிட அதிக வேலை இருக்கிறது. மைக் பேட்டரி பார்க்க ஆள் வேண்டும், கேபிள் சுருட்ட ஆள் வேண்டும், கதவு திறக்க, பாட்டு வரிகளைச் சரிபார்க்க, வராதவருக்குப் போன் செய்து "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்க ஆள் வேண்டும். எங்கள் சபையில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒயர்மேன் அங்கிள் ஒருவர் கேபிள் ஒவ்வொன்றின் இரண்டு முனையிலும் ஒரே நிறத்து டேப் சுற்றி வைத்தார். சிவப்பு கீபோர்டுக்கு, மஞ்சள் தபேலா மைக்குக்கு. அதற்குமுன் எந்த ஒயர் எங்கே போகிறது என்று தேடியே பதினைந்து நிமிடம் போகும். அவர் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

ஸ்லைடு மாற்றுவதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். கீர்த்தனையில் ஒவ்வொரு சரணம் முடிந்ததும் பல்லவிக்குத் திரும்ப வேண்டும். கடைசிச் சொல் பாடி முடிப்பதற்குள் அடுத்த வரி திரையில் வந்திருக்க வேண்டும். ஒரு நொடி பிந்தினால் சபை முழுவதும் வாயை மூடிவிடும். பாட்டை மனதுக்குள் பாடிக்கொண்டே இருக்கிறவரால்தான் இது முடியும்.

குரல் சோதனை வைக்கலாமா? ஊழியத்துக்குப் பரீட்சை வைக்கிறது தப்பில்லையா?

1 நாளாகமம் 25-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். தாவீது ஆசாப், ஏமான், எதுத்தூன் குடும்பத்தாரைப் பாட்டுக்கென்றே பிரித்து வைக்கிறார். பாடக் கற்றுத் தேர்ந்தவர்கள் 288 பேர். முறைக்கு 12 பேராக 24 முறை. ஆனால் யார் முதல் முறை, யார் கடைசி முறை என்பதற்குச் சீட்டுப் போடுகிறார்கள். அதில் ஆசான், மாணவன் என்ற வித்தியாசம் கிடையாது. தேர்ச்சியும் கேட்டார்கள், வரிசையில் சமமாகவும் நடத்தினார்கள். நமக்கும் இரண்டும் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பரீட்சை மாதிரி ஐந்து பேர் உட்கார்ந்து கேட்க வேண்டாம். கீபோர்ட் வாசிப்பவர், நீங்கள், அவர், மூன்று பேர் போதும். அவருக்கு நன்றாகத் தெரிந்த பாட்டைப் பாடச் சொல்லுங்கள். சுருதி எது வசதி என்று பாருங்கள். இன்னொருவர் பாடும்போது தன் குரலை இறக்கிக்கொள்கிறாரா என்றும் பாருங்கள். குழுவுக்கு அது அழகான குரலைவிட முக்கியம். பதிலை ஒரு வாரத்துக்குள் நேரில் சொல்லிவிடுங்கள். "இப்போதே வாருங்கள்", "மூன்று மாதம் பயிற்சிக்குப் பிறகு பார்ப்போம்", "பாட்டு வேண்டாம், வேறு வேலை தருகிறேன்" என்பதில் எது என்றாலும் பரவாயில்லை. பதிலே சொல்லாமல் விடுவதுதான் மனதை முறிக்கும்.

குறைஞ்சது எத்தனை பேர் இருந்தா ஆரம்பிக்கலாம்?

நான்கு பேர். பாட்டு நடத்த ஒருவர், துணைக்குரல் ஒருவர், ஒரு வாத்தியம், சவுண்டும் ஸ்லைடும் பார்க்க ஒருவர். எட்டு பேர் வந்துவிட்டால் எட்டுப் பேரையும் ஒரே மேடையில் ஏற்றாமல் இரண்டு குழுவாகப் பிரியுங்கள். ஓய்வு ஞாயிறு கிடைத்தால்தான் ஆள் நிலைப்பார்.

எங்க ஆளுங்க பாதிப் பேர் பேக்டரி ஷிப்ட். பட்டியலே போட முடியல. நீங்க எப்படிச் செய்றீங்க?

பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் தொடங்கியது. பிறையிலும் தொழிற்சாலைகள் நிறைய. இங்கே ஷிப்டைக் கணக்கில் எடுக்காத எந்தப் பட்டியலும் இரண்டாவது வாரமே கிழிந்துவிடும். முதலில் மாதக் கணக்கை விட்டுவிடுங்கள். 12 மணி நேர ஷிப்டில் ஒரு வழக்கமான முறை 4 நாள் வேலை, 2 நாள் ஓய்வு. சுற்றுக்கு 6 நாள், வாரத்துக்கு 7 நாள். அதனால் ஒவ்வொரு ஞாயிறும் அந்தச் சுற்றில் ஒரு நாள் தள்ளி விழும். 6 வாரத்துக்குப் பட்டியல் போட்டுப் பாருங்கள்: நான்கு ஞாயிறு வேலை, அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு ஓய்வு. அந்த இரண்டு ஞாயிறும் எவை என்று வருடம் முழுவதற்கும் இன்றே சொல்லிவிடலாம். வேறு முறையில் ஷிப்ட் ஓடுகிறவர்களிடம் அவர்களின் கம்பெனி காலண்டரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முதலில் ஷிப்ட்காரர்களின் பெயரை எழுதிவிட்டு, மிச்ச இடத்தில் ஆபீஸ் வேலைக்காரர்களையும் ஆசிரியர்களையும் போடுங்கள்.

அப்புறம், இரவு ஷிப்ட். சனி இரவு 7 மணிக்கு உள்ளே போய் ஞாயிறு காலை 7 மணிக்கு வெளியே வருகிறவர், "9 மணி ஆராதனைக்கு வந்துடுவேன்" என்பார். அவர் பெயரைப் போடாதீர்கள். ஒரு ஞாயிறு ஒரு தம்பி பேக்டரி பஸ்ஸிலிருந்து நேராக வந்து கிட்டாரை மாட்டினார். மூன்றாவது பாட்டில் அவர் இடது கை கார்ட் மாறாமல் அப்படியே நின்றது. கண் திறந்துதான் இருந்தது. ஆராதனை முடிந்து அவர் மோட்டார்சைக்கிளில் வீட்டுக்குக் கிளம்பியபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பட்டியலில் அவர் பெயரை எழுதியது நான். அன்றைக்கு அவரை நிறுத்தி, காரில் கொண்டுபோய் விட்டோம். இரவு ஷிப்ட் முடிகிற ஞாயிறு யாருக்கும் மேடை இல்லை என்ற விதி அன்று மாலையே வந்தது.

மாற்றிக்கொள்வது பற்றி: வர முடியாதவர் தானே இன்னொருவரிடம் பேசி மாற்றிக்கொண்டு, புதன்கிழமைக்குள் வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் என்னிடம் சொல்லலாம், குற்ற உணர்வு வேண்டாம்.

பாதிப் பேர் தீவுல, பாதிப் பேர் இந்தப் பக்கம். ஒத்திகையை எங்க, எப்ப வைக்கிறது?

வெள்ளி மாலை வேண்டவே வேண்டாம். 13.5 கிலோமீட்டர் பாலத்தில் வேலை விட்டு வருகிற நெரிசலில் மாட்டி, பசியோடு வந்து சேருகிறவரிடம் பாட்டு எப்படி வரும்? பெர்ரியில் இப்போது நடந்து ஏறலாம், மோட்டார்சைக்கிள் ஏற்றலாம். கார் ஏற்ற முடியாது. மோட்டார்சைக்கிளுக்கு 2019 முதல் இரண்டு பாலத்திலும் டோல் இல்லை, காருக்கு உண்டு. கீபோர்டைத் தூக்கிக்கொண்டு யாரையும் பாலம் தாண்ட வைக்காதீர்கள். சபையில் ஒன்று நிரந்தரமாக இருக்கட்டும்.

நாங்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுவிட்டு, அடுத்த ஞாயிறுக்கான பாட்டுகளை முக்கால் மணி நேரம் பார்க்கிறோம். எல்லாரும் ஏற்கனவே அங்கே இருக்கிறார்கள், தனிப் பயணம் தேவையில்லை. அடுத்த வாரம் முறை வருகிறவர் அன்று ஷிப்டில் இருந்தால் அவருக்கு ஒலிப்பதிவு போகும். எந்த சுருதி, எத்தனை முறை பல்லவி என்று குரலிலேயே சொல்லி அனுப்புவோம். ஞாயிறு காலை 7.30-க்கு ஒரு முறை ஓட்டிப் பார்த்தால் போதும்.

எங்க பிள்ளைங்களுக்குத் தமிழ் வாசிக்க வராது. பாட்டை ரோமன் எழுத்துல போடலாமா?

போடுங்கள். தேசியப் பள்ளியில் படித்த பிள்ளை வீட்டில் தமிழ் பேசும், பாடும், எழுத்து மட்டும் தெரியாது. அதற்காக அதை வெளியே நிறுத்த முடியாது. ஆனால் ரோமன் எழுத்து மட்டும் போடாதீர்கள். அதில் 'ழ'வும் 'ல'வும் 'ள'வும் எழுதுகிறவரின் விருப்பப்படி வரும். "நீரே என் வழி" என்பது "நீரே என் வலி" ஆகிவிடும். 'மனம்', 'மணம்' இரண்டும் ஒன்றாகிவிடும். ஒரே ஸ்லைடில் தமிழ் பெரிதாக மேலே, ரோமன் சிறிதாகக் கீழே என்று போடுங்கள். கண் தானாக மேலே போகப் பழகும்.

ஒத்திகைக்கு முன் பதினைந்து நிமிடம் ஒதுக்கி, அந்த வாரப் பாட்டில் ஒன்றை எழுத்துக் கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். பாட்டு ஏற்கனவே வாயில் இருப்பதால் எழுத்து சீக்கிரம் பிடிபடுகிறது. படிவம் 3 படித்த ஒரு பெண் இப்படி ஆரம்பித்து, ஆறேழு மாதத்தில் கீழ் வரியைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். ஒரு ஞாயிறு அவளே வேதபாடம் வாசித்தாள். 'ஞானம்' என்ற சொல்லில் ஒரு கணம் நின்று, மூச்சு விட்டு, சரியாகச் சொன்னாள். அவள் பாட்டி முன் வரிசையில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். 1816-இல் பினாங்கு ப்ரீ ஸ்கூலைத் தொடங்கிய ஹட்சிங்ஸும் ஒரு பாதிரியார்தான். அங்கே நடந்த தமிழ் வகுப்பைத்தான் இந்த நாட்டுத் தமிழ்க் கல்வியின் தொடக்கம் என்கிறோம். அதே பினாங்கில் சபைக்குள் தமிழ் சொல்லிக்கொடுப்பது நம் வேலை இல்லை என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பெரியவங்க கீர்த்தனை கேக்குறாங்க, பசங்க புதுப்பாட்டு கேக்குறாங்க. யார் பக்கம் நிக்கிறது?

இரண்டு பக்கமும் ஆள் எடுங்கள், பிரச்சினை பாதி தீரும். குழுவில் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவராவது, இருபதுக்குக் கீழ் ஒருவராவது இருக்கட்டும். பெரியவர்கள் வெறுப்பது பெரும்பாலும் புதுப்பாட்டை அல்ல, பழைய பாட்டைத் தப்பாக வாசிப்பதை. மூன்று தட்டாக எண்ணுகிற ரூபக தாளத்தில் இருக்கிற கீர்த்தனைக்கு டிரம்ஸ் நான்கு தட்டு வாசித்தால் பாடுகிறவர் காலடி இடறும். தாளம் தெரிந்த ஓர் ஆன்ட்டியை டிரம்ஸ் தம்பி பக்கத்தில் உட்காரவைத்துக் கையால் தாளம் போடச் சொல்லுங்கள். ஒரே மாலையில் பிடித்துக்கொள்வான்.

சுருதியும் பாருங்கள். ஆண்களுக்கு ஒரு கட்டை, அதாவது சி, பொதுவாக வசதி. பெண்களுக்கு ஐந்து கட்டை, ஜி பக்கம். பாடகரின் வசதிக்கு வைத்த சுருதியில் சபையால் பாட முடியாமல் போகும். பாட்டின் உச்சம் மேல் டி-யைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். தாண்டினால் இறக்குங்கள். இறக்கும்போது தபேலாக்காரருக்கு முன்னாடியே சொல்லுங்கள். கீபோர்டில் ஒரு பட்டன் அமுக்கினால் ஆயிற்று, அவர் சுத்தியல் எடுத்துத் தட்டி சுருதி சேர்க்க வேண்டும். தூரம் அதிகமென்றால் வேறு தபேலாவே வேண்டும்.

எஸ்.பி.எம். எழுதுற வருஷம் பிள்ளையைக் குழுவில இருந்து நிறுத்தணுமா?

பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்யட்டும், குழு வற்புறுத்தக் கூடாது. தேர்வுக்கு முந்தைய மூன்று மாதம் பட்டியலில் பெயர் போடுவதில்லை என்பது எங்கள் பழக்கம். ஆனால் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்கமாட்டோம். தேர்வு முடிந்த வாரமே ஒருவர் போன் செய்து அழைப்பார். அந்த அழைப்பு போகாத இரண்டு பிள்ளைகள் திரும்பி வரவே இல்லை.

18 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைங்க குழுவில இருந்தா எதையெல்லாம் கவனிக்கணும்?

பெற்றோரின் எழுத்துச் சம்மதம் வாங்குங்கள். ஒத்திகையில் எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும். ஒரு பெரியவர் தனியாக ஒரு பிள்ளையைக் காரில் ஏற்றிப் போகக் கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். தனிச் செய்தி அனுப்பக் கூடாது, பெற்றோரும் இருக்கும் குழுவில்தான் பேச வேண்டும். இந்த விதிகளை ஆள் சேர்க்கும்போதே சொல்லிவிட்டால் யாரும் சந்தேகப்பட்டதாக நினைத்துக்கொள்ளமாட்டார்கள்.

ஏதாவது தவறு நடந்ததாகப் பிள்ளை சொன்னால், "சபைக்குள் பேசி முடிப்போம்" என்ற பேச்சே வரக் கூடாது. சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் பற்றிய 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தெரிந்தும் போலீசில் சொல்லாமல் இருப்பதே குற்றம். பிள்ளையின் பாதுகாப்புக்கு முன் சபையின் பெயர் ஒரு பொருட்டே இல்லை.

வாசிக்கிறவங்களுக்குப் பணம் கொடுக்கலாமா?

டோல், பெட்ரோல், பார்க்கிங் செலவைச் சபை ஏற்கட்டும். கேட்டால் தருகிறோம் என்று வைத்தால் கூச்சப்பட்டுக் கேட்கமாட்டார்கள், அதனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொடுங்கள். கிட்டார் கம்பி, பேட்டரி, குச்சி எல்லாம் சபைக் கணக்கில். கிறிஸ்துமஸுக்கு வெளியிலிருந்து தபேலா வாசிக்க ஒருவரை அழைத்தால் தொகையை முன்பே பேசி, அன்றே மரியாதையாகக் கையில் கொடுத்துவிடுங்கள். நம் குழுவில் ஒருவருக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் கொடுப்பதுதான் கூடாது. அது தெரியவந்த நாளில் ஒரு குழு கலைந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

பெரிய வெள்ளி, கிறிஸ்துமஸ் வந்தா ஆள் தட்டுப்பாடு. என்ன வழி?

பெரிய வெள்ளி சபாவிலும் சரவாக்கிலும்தான் பொது விடுமுறை, பினாங்கில் இல்லை. மதிய ஆராதனைக்கு ஆள் வேண்டுமென்றால் அவர்கள் வருட விடுப்பு எடுக்க வேண்டும். ஜனவரியிலேயே கேட்டுவிடுங்கள். மார்ச்சில் கேட்டால் விடுப்பு வேறு எதற்காவது போயிருக்கும். கேரல் பாடப் போகும் வாரங்களில் அதே குரல்களை ஞாயிறு பட்டியலிலும் போடாதீர்கள், 25-ஆம் தேதி யாருக்கும் தொண்டை இருக்காது. தைப்பூசத்துக்கும் முந்தைய நாளுக்கும் தீவில் ஒத்திகை வைக்க வேண்டாம். ரதம் போகும் ஜார்ஜ்டவுன் சாலைகள் மூடியிருக்கும், நம் வீடுகளிலும் பலருக்கு இந்து உறவினர் இருக்கிறார்கள்.

ஆராதனையை நேரலை போடுறோம். பாட்டுக்கு அனுமதி வேணுமா?

புதுப்பாட்டுக்கு வேண்டும். சபைகள் பாட்டுகளைப் பயன்படுத்த அனுமதி தரும் சி.சி.எல்.ஐ. (CCLI) அமைப்பின் உரிமம் எடுத்திருந்தாலும் அதன் பட்டியலில் உள்ள பாட்டுக்குத்தான் செல்லும், நேரலைக்குத் தனி உரிமம். பட்டியலில் இல்லாத தமிழ்ப் பாட்டென்றால் எழுதியவருக்கே எழுதிக் கேளுங்கள். பாட்டை எழுதியவர் இறந்து 50 ஆண்டு முடிந்தால் மலேசியச் சட்டப்படி உரிமை காலாவதி. இந்தியாவில் அது 60 ஆண்டு. பழைய கீர்த்தனைகள் பலவற்றுக்கு இந்தக் கவலை இல்லை.

மூப்பரோட பிள்ளைக்கு மேடை கொடுக்கச் சொல்றாங்க. சுருதி சேரவே இல்ல. எப்படி மறுக்கிறது?

குரல் சோதனை பற்றி மேலே சொன்னது எல்லாருக்கும் பொது என்று முன்பே எழுதி, போதகரின் ஒப்புதலோடு வைத்திருந்தால் மறுப்பது நீங்களாக இருக்காது. "மூன்று மாதம் பயிற்சிக்குப் பிறகு பார்ப்போம்" என்பதை உண்மையாகவே செய்யுங்கள். ஒருவரைப் பொறுப்பாகப் போட்டுச் சொல்லிக்கொடுங்கள். பேருக்குச் சொன்னால் பிள்ளைக்கு அது புரிந்துவிடும்.

முப்பது வருஷமா பாடுற ஆன்ட்டிக்கு இப்ப குரல் நடுங்குது. எப்படிச் சொல்றது?

என்னிடம் வந்த கேள்விகளில் இதுதான் கடினமானது. வாட்ஸ்அப்பில் சொல்லாதீர்கள், பட்டியலில் பெயரை மெல்ல விட்டுவிடவும் வேண்டாம். அவருக்கு முதல் நாளே தெரிந்துவிடும். வீட்டுக்குப் போங்கள். எங்கள் ஆன்ட்டி வீட்டுக்கு நான் போனபோது டீ போட்டுக் கொடுத்துவிட்டு, "என் குரலைப் பத்திதானே?" என்று அவரே கேட்டார். ஒரு வருடமாகத் தெரியும், யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருந்ததாகச் சொன்னார். நான் அழுதுவிட்டேன், அவர் அழவில்லை.

மைக் இல்லாமல் குழுவோடு நிற்கட்டும் என்று சிலர் செய்கிறார்கள். அது அவமானம் என்பது என் கருத்து. உண்மையான வேலை கொடுங்கள். எந்தக் கீர்த்தனைக்கு எந்த மெட்டு, எந்தச் சரணத்தை எந்த நாளில் பாடுவோம் என்பதெல்லாம் அவர் தலையில் இருக்கிறது. இப்போது பிள்ளைகள் அவர் வீட்டுக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போய், ஒரு பாட்டைப் போனில் பதிவு செய்து வருகிறார்கள். டிரம்ஸ் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்ட ஆன்ட்டியும் இவர்தான்.

எல்லாரையும் கவனிச்சு நானே சோர்ந்துட்டேன். விட்டுட்டா குழு கலைஞ்சிடுமோன்னு பயமா இருக்கு.

மற்றவர்களுக்குச் சொல்கிற அதே கணக்கை உங்களுக்கும் போடுங்கள்: என்ன வேலை, எத்தனை வாரம், எப்போது ஓய்வு. ஓய்வைச் சொல்லாமல் எடுக்காதீர்கள். தேதி குறித்து, 6 வாரத்துக்கு முன்பே ஒருவரைப் பக்கத்தில் வைத்துப் பழக்குங்கள். இரண்டு பட்டியலை அவர் போடட்டும், நீங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். தப்புப் போட்டால் அடுத்த பட்டியலில் அவரே திருத்துவார்.

நான் மூன்று மாதம் ஓய்வெடுத்தபோது ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனேன். யாருக்கு எந்த சுருதி, யாருக்கு எந்த ஷிப்ட், யார் அம்மாவுக்கு எந்த நாளில் டயாலிசிஸ், யாரை யாரோடு ஒரே வாரம் போடக் கூடாது என்று எல்லாம் அதில் இருந்தது. முதல் இரண்டு ஞாயிறு கொஞ்சம் தடுமாறினார்கள், மூன்றாவது ஞாயிறு நான் போட்டிராத ஒரு பாட்டைப் பாடினார்கள். நோட்டைக் கொடுக்கும்போது சவுண்ட் அலமாரியின் சாவியையும் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். நான் மறந்துவிட்டேன், முதல் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு அதற்காக ஒரு தம்பி பாலம் தாண்டி வர வேண்டியதாயிற்று.